ஒரு வருஷக் குடித்தனக்காரன்

போன ஜூலையில், எங்கள் சர்ச் சமையலறையில் வெள்ளிக்கிழமை மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது என் சிநேகிதி ஓபல்தான் இதை எனக்கு முதலில் சொன்னாள். அவளுக்குச் சொன்னது சாட்சாத் வெர்லீன் டாலிவரேதான்.

வெர்லீனின் மகன் கர்டிஸ் எங்கள் ஊர் லூயிவிலின் கூடைப்பந்து அணியில் ஆடுகிறவன். நட்சத்திரம் இல்லை. முழங்காலில் அடிபட்டு எழுந்தவன். பாதி ஆட்டம் பெஞ்சில்தான். நட்சத்திரம் என்றால் அது மாலிக் ஃபோன்டேன். ஊரில் பாதிப் பேர் அவன் பெயர் போட்ட பனியனோடுதான் திரிவார்கள்.

மாலிக்கிடம் ஒரு குணம். ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போடு என்று அணி கெஞ்சும். அவன் ஒரே ஒரு வருஷத்துக்குத்தான் கையெழுத்துப் போடுவான். அடுத்த கோடையிலும் அதே கதை. இருப்பானா, போய்விடுவானா என்று ஊரே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கிடக்கும். அவன் போனால் கோப்பைக் கனவும் கூடவே போய்விடும்.

வெர்லீனுக்கு இது ஆகவே ஆகாது. சர்ச்சில் வீரர்களுக்காக ஜெபிக்கும்போது ஒவ்வொருவர் பெயரையும் உரக்கச் சொல்வோம். மாலிக் பெயர் வரும்போது மட்டும் அவளுக்கு இருமல் வந்துவிடும்.

ஆட்டம் முடிந்து வீரர்களின் குடும்பங்கள் கூடும் அறைக்கு வாழைப்பழ புட்டிங் செய்து எடுத்துப் போவாள். எல்லோருக்கும் கிண்ணம் நிறைய வைப்பாள். மாலிக் வந்து நின்றால், அடியில் ஒட்டியதைச் சுரண்டிப் போடுவாள்.

“என்ன மிஸ் வெர்லீன், எனக்கு மட்டும் பாத்திரம் கழுவுற வேலையா?”

“குடித்தனக்காரனுக்கு இது போதும் தம்பி. வீட்டுக்காரங்க முதல்ல சாப்பிடட்டும்.”

“வாடகையை ஒழுங்காத்தானே குடுக்கிறேன்?”

“குடுத்து என்ன? வந்த நாள்ல இருந்து பெட்டியையே பிரிக்கலையே நீ. என் பையனைப் பாரு. அவனுக்கும் ஒரு வருஷ ஒப்பந்தம்தான் குடுக்கிறாங்க. ஆனா ஆயுசுக்கும் எழுதுடான்னு நீட்டினா கண்ணை மூடிக்கிட்டு எழுதுவான். அதுக்குப் பேருதான் விசுவாசம்.”

மாலிக் சிரித்துக்கொண்டே சுரண்டலைத் தின்றுவிட்டுப் போவான். நெளிவது கர்டிஸ்தான். “மா, சும்மா இரு மா.”

ஓபல் சொன்னதற்கு முந்தின மாசம், ஜூனில், கோப்பைக்கான கடைசி ஆட்டம். லூயிவில் அதுவரை கோப்பையைத் தொட்டதே இல்லை.

ஒரு புள்ளி பின்தங்கி நிற்கிறார்கள். மணி அடிக்கப் போகிறது. பந்து மாலிக் கையில். இரண்டு பேர் மறிக்கிறார்கள். எம்பி எறிந்தான். பந்து வளையத்தில் மோதித் திரும்பியது.

போச்சு என்று எல்லோரும் தலையில் கை வைத்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து கர்டிஸ் எழும்பினான், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. விரல் நுனியால் ஒரு தட்டு. பந்து உள்ளே.

மணி அடித்தது. கோப்பை லூயிவிலுக்கு. முன்பின் தெரியாதவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். வெர்லீன் “கர்த்தாவே, கர்த்தாவே” என்றபடியே படியிறங்கி ஆடுகளத்துக்கு ஓடினாள். தலைமேல் வண்ணக் காகிதம் மழையாகக் கொட்டியது.

ஒரு நிருபர் மாலிக்கிடம் மைக்கை நீட்டினார். “இனிமேலாவது அஞ்சு வருஷம்தானே?”

“ஒரு வருஷம்” என்றான் மாலிக்.

வெர்லீனுக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் அணியின் மேனேஜர் ஸ்டாண்டன் நின்றிருந்தார்.

“பாத்தீங்களா சார்? கோப்பையைக் கையில வச்சுக்கிட்டே வாசலைப் பாக்கிறான். குடித்தனக்காரன் கோட்டை விட்டதை வீட்டுப்பிள்ளை வந்து காப்பாத்த வேண்டியிருக்கு.”

ஸ்டாண்டன் அவளை ஓர் ஓரமாக அழைத்துப் போனார்.

“மிஸஸ் டாலிவர், இன்னைக்கு இருக்கிற சந்தோஷத்துல சொல்லிடறேன். ஒவ்வொரு கோடையிலும் நான் முதல்ல கழிச்சுவிட நினைக்கிறது உங்க பையனைத்தான். அந்த முழங்காலை நம்பி வேற அணியும் எடுக்காது.”

“அப்புறம் எப்படி சார் அவன் இன்னும் இங்க ஆடறான்?” என்றாள் வெர்லீன்.

“ஒவ்வொரு தடவையும் மாலிக் வந்து நிப்பான். ‘முதல்ல கர்டிஸுக்கு ஒரு வருஷம் போடுங்க, அப்புறம் எனக்கு ஒரு வருஷம்’பான். அஞ்சு வருஷம் எழுதுடான்னு நான் கால்ல விழாத குறை. ‘எழுதினா மறுநாளே அவனை அனுப்பிடுவீங்க’ன்னான். பொய் சொல்ல மாட்டேன், அனுப்பித்தான் இருப்பேன்.”

“நடுவுல மாலிக்குக்கு அடிபட்டிருந்தா?”

“அடுத்த வருஷம் அவனுக்கு ஒப்பந்தமும் இல்லை, காசும் இல்லை. தெரிஞ்சேதான் ஆடினான். இவன் போயிடுவானோங்கிற பயத்துலதான் நானும் வருஷா வருஷம் நல்ல ஆளாத் தேடிச் சேர்த்தேன். இல்லேன்னா இந்தக் கோப்பை ஏது?”

யாரோ கூப்பிட, அவர் போய்விட்டார்.

வெர்லீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மாலிக்கின் கையைப் பிடித்தாள்.

“ஏன் தம்பி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை? இத்தனை நாளும் என் வாயால வாங்கிக் கட்டிக்கிட்டியே.”

அவள் முகத்தைப் பார்த்ததுமே மாலிக்குக்குப் புரிந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி, தோழர்கள் கர்டிஸைத் தோளில் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தார்கள். மாலிக் அந்தப் பக்கம் பார்த்தான்.

“உங்ககிட்ட சொன்னா அவன் காதுக்குப் போயிடும் மிஸ் வெர்லீன். அடுத்தவன் தயவுல ஆடறோம்னு கூசிக் கூசி ஆடுவான். அப்புறம் நான் விட்டதை யாரு எம்பித் தட்டுறது?”

கர்டிஸுக்கு இன்றுவரை இது தெரியாது. லூயிவில் பக்கம் வந்தால், நீங்களும் அவனிடம் தயவுசெய்து வாயைத் திறந்துவிடாதீர்கள்.