மூலை வீட்டு ஆட்சேபம்

"மைக் இல்ல, ஸ்பீக்கர் இல்ல, பாட்டும் இல்ல. அப்புறம் எங்கேருந்து சார் சத்தம் வரும்?"

பேக்கரி அக்கா கேட்ட கேள்வியில் நகராட்சி அலுவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் எந்தத் தெருவில் யார் விழா எடுத்தாலும் அனுமதி தருகிறவர் அவர்தான்.

"எனக்குப் புரியுதுக்கா. ஆனா மூலை வீட்டுப் பெரியவர் இந்த வருஷமும் ஆட்சேபம் சொல்லியிருக்காரே. சத்தம் தாங்க முடியலையாம். ஆட்சேபம் வந்தா, விழா நடத்துறவங்க நேர்ல போய் உட்கார்ந்து பேசி அவரைச் சம்மதிக்க வைக்கணும். ஊருக்கெல்லாம் ஒரே ரூல்தான்."

"போன வருஷம் மைக் வெச்சோம், ஒத்துக்கறேன். அப்பவும் நான்தான் அவர் வீட்டுல போய் உட்கார்ந்து பேசிட்டு வந்தேன். இந்த வருஷம் வாயை மூடிக்கிட்டுச் சாப்பாடு போடப் போறோம். அதுக்குமா?"

"சாயங்காலத்துக்குள்ள அவர் சரின்னுட்டா நாளைக்குத் தெரு உங்களுக்கு. தடுப்பு, தண்ணி லாரி, குப்பைத் தொட்டி எல்லாம் நாங்களே அனுப்பறோம். வண்டிகளைத் திருப்பி விடவும் ஆள் போட்டாச்சு. போய்ப் பேசிட்டு வாங்கக்கா."

"நீங்க நல்லா இருக்கணும் சார்" என்று மனசார வாழ்த்திவிட்டுத்தான் எழுந்தாள். கோபமெல்லாம் அந்த மூலை வீட்டின் மேல்தான்.

பின்னே என்ன? இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கணவர் அடுப்பின் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றிருந்த ஆஸ்பத்திரி நர்ஸுகள்தான் ஓடி வந்தார்கள். நெஞ்சை அழுத்தி அழுத்திப் போன உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு அந்த மனுஷன் மாவு பிசைகிறார், சண்டை போடுகிறார், குறட்டை விடுகிறார் என்றால் அந்தப் பெண்கள் போட்ட பிச்சை. வருஷத்துக்கு ஒரு நாளாவது அவர்களை வரிசையாக உட்கார வைத்து, தெருவே நின்று பரிமாறி, நன்றி சொல்ல வேண்டும். அதிலும் முதல் ஆளாக ஓடி வந்த நர்ஸுக்கு மாற்றல் வந்துவிட்டது. நாளையை விட்டால் அவளைப் பிடிக்க முடியாது.

மூலை வீட்டில் கேட்டும் திறந்திருந்தது, கதவும் திறந்திருந்தது. வாசலைப் பார்த்தபடி பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா! வா, வா!"

நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். சத்தம் ஆகாதாமே இவருக்கு என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். உள் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தபடி, "வீட்டுல வேற யாரும் இல்லையா சார்?" என்று கேட்டாள். பதில் இல்லை. சரியான முசுடு! ஓரத்தில் கிடந்த நாற்காலிப் பக்கம் போனாள்.

"அங்க வேண்டாம். இப்படி வெளிச்சத்துல, எனக்கு நேரா உட்காரும்மா."

போலீஸ் விசாரணை கெட்டது போங்கள். உட்கார்ந்தாள்.

"நாற்காலி இழுக்கிற சத்தம் வருமே?"

"தூக்கி வைக்கச் சொல்றேன் சார்."

"பாத்திரம் உருளுமே?"

"பேப்பர் தட்டுதான்."

"கை தட்டுவாங்களே?"

"மெதுவாத் தட்டச் சொல்றேன்."

"சிரிப்பாங்களே?"

"அதுக்கு நான் எங்க சார் போய் மூடி வாங்குறது?"

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. ஃபிளாஸ்கிலிருந்து அவரே டீ ஊற்றிக் கொடுத்தார்.

"உன் வீட்டுக்காரர் இப்ப எப்படிம்மா இருக்கார்?"

அவ்வளவுதான், அணை உடைந்தது. அன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். முதலில் ஓடி வந்த நர்ஸ் ஒரு கால் செருப்போடு வந்ததைச் சொல்லும்போது அழுதேவிட்டாள். பெரியவர் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. தன் பேச்சை இத்தனை கவனமாக யாருமே கேட்டதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டில் ஒருத்தர் இருக்கிறாரே, பாதியிலேயே பேப்பரைப் பிரித்துவிடுவார்!

டீ ஆறி, இன்னொரு டீயும் ஆகி, பேச்சு எங்கெங்கோ போய்த் திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது.

"சரிம்மா, சம்மதம். நல்லாச் சிரிச்சுட்டுப் போங்க" என்று சொல்லி, செல்போனில் தட்டி அலுவலருக்குத் தகவலும் அனுப்பிவிட்டார். அக்கா எழுந்து கும்பிட்டாள்.

"ரொம்ப நன்றி சார். நாளைக்கு முதல் பந்தியில உங்களுக்கும் இடம் உண்டு. வராம இருந்துடாதீங்க."

கேட்டைத் தாண்டும்போது, மருந்துப் பையோடு ஒரு பெண் எதிரே வந்தாள்.

"பேக்கரி அக்காதானே? நான் அவர் பொண்ணு. வெளியூர்ல வேலை, மாசத்துக்கு ஒரு தடவைதான் வர முடியுது. இந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசுற ஒரே ஆள் நீங்கதான்னு அப்பா மெசேஜ் அனுப்பிக்கிட்டே இருப்பார். ரொம்ப நன்றிக்கா."

"நான்ல நன்றி சொல்லணும், சம்மதிச்சுட்டாரே! என்ன, சத்தம்தான் அவருக்குக் கொஞ்சம் ஆகாது போல."

மகள் புரியாமல் விழித்தாள்.

"சத்தமா? அப்பாவுக்கு ரெண்டு காதும் சுத்தமாக் கேக்காம போய் நாலு வருஷமாச்சேக்கா! உதட்டைப் பார்த்துத்தான் பேச்சே புரியும்."

அக்கா திறந்திருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"ஒரு கண்டிஷன் விட்டுப்போச்சு சார்" என்றாள், அவர் முகத்துக்கு நேராக நின்று. "அடுத்த வருஷமும் நீங்க மறக்காம ஆட்சேபம் சொல்லணும்."