ஸ்கூல் வேன்

மைத்துனன் வீட்டு விருந்தில் வெறும் வயிற்றில் பீரும் அதன்மேல் பிராந்தியும் குடித்த சவரிமுத்துவுக்கு, காலையில் கண்ணைத் திறந்ததும் மண்டைக்குள் யாரோ அம்மி கொத்துவது போலிருந்தது. ஸ்கூல் வேனை எடுக்கும் நேரம் நெருங்கிவிட்டது. பதறி எழுந்து தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டான். உப்புப் போட்டு எலுமிச்சைச் சாறு குடித்தான். அது போதாதென்று ஒரு செம்பு மோரையும் குடித்துவிட்டு, கிராம்பை மென்றபடி மனைவி ரெஜினாவின் முகத்தருகே ஊதிக் காட்டினான்.

"வாடை வருதா?"

"வாடை போயிருச்சு. நீங்க இன்னும் தெளியலங்க."

"பிள்ளைங்க தெருமுனையில நிக்கும். பரீட்சை வேற. எனக்கு ஒண்ணுமில்ல, ஓட்டிருவேன்."

ரெஜினா சண்டை போடவில்லை. சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பிறகு, வேனில் ஏறப்போன மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க போயிட்டு வாங்க. ஜெனிய நான் பஸ்ஸுல கூட்டிட்டுப் போறேன்."

அவன் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். கியர்மேல் வைத்த கை நடுங்கியது. மறுகையால் அதை அழுத்திப் பிடித்தும் நடுக்கம் நிற்கவில்லை. சட்டை வியர்வையில் நனைந்தது. அதற்குள் போன் அடித்தது. முதலில் ஏறும் பையனின் அம்மா.

"அண்ணே, எங்க வர்றீங்க? நேரமாச்சு."

சவரிமுத்து வண்டியை அணைத்தான்.

"வண்டி இன்னைக்கு வராதும்மா."

"ஐயோ! வண்டிக்கு என்னாச்சு?"

மகளை இடுப்பிலிருந்து இறக்காமல் ரெஜினா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"வண்டி நல்லாத்தாம்மா இருக்கு" என்றான்.