கீரைக்கு விழுந்த ஏச்சு

“ஏட்டி பொன்செல்வி! இது கீரையா, பச்சைப் பெயிண்டுல முக்கி எடுத்த துணியா? இம்புட்டுப் பச்சையா எந்த ஊர்லட்டி கீரை இருக்கு?”

தளவாய் அண்ணாச்சி ஆரம்பித்துவிட்டார்.

பட்டாளத்தில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்ற ஆள். அவர் குரலெடுத்தால் குற்றாலத்து ஐந்தருவியும் நின்று கேட்டுவிட்டுத்தான் விழும் என்று ஊரில் சொல்வார்கள். அது மிகை. இரண்டு அருவிதான் நிற்கும். மற்ற மூன்றும் தன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கும்.

மேலகரம் தாண்டி உள்ளே ஒதுங்கிக் கிடக்கிற ஊர் அது. காய்கறிக் கடை கிடையாது. இருக்கிற ஒரு பெட்டிக்கடையிலும் சிப்ஸ் பாக்கெட்தான் சரம் சரமாகத் தொங்கும். ஒரு கட்டுக் கீரை வேண்டுமென்றாலும் தென்காசிக்குப் பஸ் ஏற வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு வந்து ரத்தம் சோதித்த நர்ஸ், பாதிப் பிள்ளைகளுக்கு ரத்தசோகை என்று எழுதிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம்தான் வெள்ளிக்கிழமை தோறும் அரசாங்கக் காய்கறி வண்டி வந்தது. மகளிர் குழுவைச் சேர்ந்த பொன்செல்விதான் ஓட்டுவாள், அவளேதான் விற்பாள்.

முதல் மாதம் வண்டியில் ஈகூட மொய்க்கவில்லை. “அரசாங்கம் வாசலுக்கே கொண்டாந்து குடுக்குன்னா அதுல என்னமோ இருக்கு” என்று சனம் கதவைச் சாத்திக்கொண்டது.

மூன்று மாதம்தான் சோதனை. விற்காத ஊருக்கு அப்புறம் வண்டி வராது. அதைப் பார்த்து முடிவெழுதத்தான் அன்றைக்கு அதிகாரி நம்பிராஜன் வந்து, சொல்லிக்கொள்ளாமல் ஓரமாக நின்றிருந்தார்.

“வெண்டைக்காயப் பாரு! தொட்டாலே டக்குன்னு ஒடியுது. ஒரு நாரு உண்டா இதுல? பல்லுப் போனவன் திங்கவா கொண்டாந்த?”

“விடியக்காலம் பறிச்சது அண்ணாச்சி...”

“பறிச்சா அப்படியே தூக்கிட்டு வந்திருவியா? ரெண்டு நாள் போட்டு வாட்டி விக்கணும்னு தெரியாது? வெலையப் பாரு வெலைய! தென்காசி வெலையில பாதிக்கு விக்கியே, எங்கள என்ன பிச்சக்காரப் பயலுவன்னு நெனச்சியா?”

பொன்செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வரிசையாகக் கதவுகள் திறந்தன. முதலில் இறங்கியவள் ஆவுடையம்மாள்.

“ஏன் அண்ணாச்சி, ஒரு பொம்பளப் பிள்ளய நடுத்தெருவுல நிறுத்தி இப்படியா ஏசுவீரு? உமக்கு வேண்டாம்னா ஒதுங்கிப் போவும். ஏ பிள்ள, எனக்கு ரெண்டு கட்டுக் கீரை குடு. இவரு கண்ணு முன்னாலயே வாங்குதேன்!”

“எனக்கு மூணு கட்டு. அவரு வயிறு எரியட்டும்!” என்று எதிர்வீட்டு ஸ்ரீமதி ஓடிவந்தாள்.

“தின்னுட்டு ராத்திரியெல்லாம் வயித்தாலயே போவப் போறிய, பாத்துக்கிடுங்க!”

“போனா எங்களுக்குத்தான போவும்? உமக்கென்ன?”

“இந்த நாக்கு இருக்கக் கண்டுதான் எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு உமக்குப் பத்திரிகை வைக்கல” என்றாள் ஆவுடையம்மாள்.

தளவாய் தோளில் கிடந்த துண்டை உருவினார். அப்புறம், “எவனுக்கு வேணும் ஒங்க சோறு!” என்று துண்டை உதறிவிட்டு நடந்தார்.

அவர் போன அரை மணி நேரத்தில் கூடைகள் அநேகமாகக் காலி. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்ததில் ஒரு புடலங்காய் ஒரு முழம் நீண்டே போயிற்று.

கூட்டம் கலைந்ததும் நம்பிராஜன் வண்டியருகே வந்து, தான் யாரென்று சொன்னார்.

“வாரா வாரம் இதே கூத்துதானாமே? ஒரு புகார் எழுதிக் குடும்மா. ஸ்டேஷன்ல சொல்லி, அந்த ஆளு வண்டிப் பக்கமே வராதபடி பண்ணிருதேன்.”

பொன்செல்வி முகம் வெளுத்துவிட்டது.

“ஐயையோ, வேண்டாம் சார்!”

“பயப்படாத.”

“பயம் இல்ல சார். அவரு பாட்டுக்கு வந்துட்டுப் போட்டும்.”

“நல்லா இருக்கே! அழுதுக்கிட்டேவா யாவாரம் பண்ணுவ? புகாரு தரமாட்டேன்னா வண்டிய வேற ஊருக்கு மாத்திருதேன். நீயாவது நிம்மதியா இருப்ப.”

அதைக் கேட்டதும் அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. முந்தானையைத் தேடக்கூட நேரமில்லை.

“மாத்திராதீங்க சார். இந்த ஊருப் பிள்ளைய இப்பத்தான் தட்டுல கீரையப் பாக்குதுவ.”

நம்பிராஜனுக்கு மனசு கேட்கவில்லை. “சரி, அந்த ஆளையே பாத்து நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுதேன்” என்று கிளம்பினார்.

தளவாய் தன் வீட்டு வாசலில், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். நம்பிராஜன் கேட் பக்கம் போய் இருமுவதற்குள் தளவாயின் போன் அடித்தது.

ஒரு கையில் செம்பு. மறு கைவிரலால் ஸ்பீக்கரைத் தட்டினார். பொன்செல்வியின் குரல் தெருவரைக்கும் கேட்டது.

“அண்ணாச்சி, ஆபீசரு உங்களத் தேடித்தான் வாராரு. நம்ம ரகசியத்தச் சொல்லிராதீய. ஊருக்குத் தெரிஞ்சா ஒருத்தரும் வாங்க மாட்டாவ. பொறவு, கீரை வெண்டைக்கா எல்லாம் தீந்துட்டு. கத்தரிக்காதான் நாலு கிலோ மிஞ்சிட்டு. அடுத்த வெள்ளிக்கு அதக் கொஞ்சம் கூடவே ஏசிருங்க!”