விரலுக்கு அடங்கிய எழுத்து

கோடையில் ஆறு வற்றியதும், குளத்துக்குப் போகும் வழியை மரங்களில் எழுத்தாகச் செதுக்கிவிட்டு யானைகள் முன்னே போயின. மற்ற விலங்குகள் அதைப் படித்துக்கொண்டே ஓடி மறைந்தன. வெள்ளச்சி என்ற முயல் மட்டும் முதல் மரத்தடியிலேயே நின்றாள். "சரியான சோம்பேறி" என்று சொல்லிவிட்டு நரி போனான்.

கடைசியாக வந்த ஆமை, "எனக்கு அவ்வளவு உயரம் அண்ணாந்து பார்க்க முடியல. உன் கண்ணுக்கு என்ன தெரியுது?" என்றாள்.

அப்படி யாரும் வெள்ளச்சியைக் கேட்டதில்லை. "எழுத்தெல்லாம் தத்துக்கிளி மாதிரி இடம் மாறிக் குதிக்குதுக்கா."

"அப்போ செதுக்கின பள்ளத்துல விரலை ஓட்டிப் பாரு. மெதுவாவே படி."

வெள்ளச்சி பின்னங்கால்களில் எழும்பி நின்று தடவத் தடவ, எழுத்துகள் ஒவ்வொன்றாக அடங்கி நின்றன. "வ... ல... து. வலது."

மரத்துக்கு மரம் அப்படியே படித்து, மறுநாள் இருவரும் குளத்தை அடைந்தார்கள். தொண்டை வறண்டிருந்தும் வெள்ளச்சி குனியவில்லை. "நீங்க முதல்ல குடிங்கக்கா" என்று வழிவிட்டு நின்றாள்.