சென்சார் எழாவிட்டால்

கணினித் திரையில் மறுபடியும் அதே வரியில் வந்து நின்றாள்.

கண் எரிந்தது. மதியச் சாப்பாட்டு டப்பா மூடி திறக்காமல் மேசையிலேயே கிடந்தது.

குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டர். சுவிட்சைப் போட்டதும் அதற்குள் முதலில் ஓடுகிற நிரல் இது. அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது அவள் வேலை. நினைவகம் வாங்கு. ஹீட்டருக்கு மின்சாரம் கொடு. சூட்டை அளக்கும் சென்சாரை எழுப்பு.

எல்லாம் சரியாக நடந்தால் அழகான நிரல்தான்.

சென்சார் எழாவிட்டால்?

வந்த வழியே ஒவ்வொன்றாகத் திரும்ப வேண்டும். முதலில் ஹீட்டரை அணைக்க வேண்டும். பிறகுதான் நினைவகம். இதுவோ நினைவகத்தை மட்டும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கிறது. பிழை நேர்ந்தது என்று மரியாதையாக ஒரு வரி எழுதி வைக்கிறது.

சூட்டை அளக்க எதுவும் இல்லாமல் ஹீட்டரை எரியவிட்டுப் போய்விடுகிறது.

நிரலை எழுதியவனுக்குக் குறிப்பு எழுதி அனுப்பினாள். திருத்தாமலே திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாள். மறுபடி வந்தது. ஜெயிக்கிற வழியை எல்லோரும் ஓட்டிப் பார்க்கிறார்கள். தோற்கிற வழியில் ஒருவரும் கால் வைப்பதில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

இன்று சொல்லவே பிடிக்கவில்லை.

'ஒப்புதல்' பொத்தான் அங்கேயேதான் இருந்தது. அமுக்கினால் வீட்டுக்குப் போகலாம்.

இளம்பரிதி டீ கொண்டுவந்து மேசையில் வைத்தான். நிரலை எழுதியவன். சாயங்காலம் இயந்திரம் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

"மேடம், அந்த சென்சார்லாம் ஃபெயிலே ஆகாது. லட்சத்துல ஒண்ணு. இதுக்குப் போய் நிறுத்தி வைக்கணுமா?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. அலுப்புதான் வந்தது.

சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறவள் என்று அலுவலகமே அவளைக் கிண்டல் செய்யும். ஏசியைக் குறைக்கட்டுமா என்று இவனும் கேட்டிருக்கிறான்.

இடது கைப் பித்தானைக் கழற்றினாள். முழங்கை வரை சுருட்டினாள். கையை டீக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மணிக்கட்டுக்கு மேலே தோல் சுருங்கி, இழுத்து, பளபளவென்று இருந்தது. மிகப் பழைய தழும்பு.

"நான் ஏழு மாசத்துலயே பொறந்துட்டேன். இன்குபேட்டர் பெட்டியிலதான் வச்சிருந்தாங்க."

டீயில் ஆடை படிந்தது.

பிறகு அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எந்த லைன், மேடம்?"

காட்டினாள். சட்டைக் கையை இறக்கிவிடவில்லை.