தொண்ணூற்றைந்து கிலோ

"கட்டுனவனுக்குச் சோத்தை நிறுத்துப் போடுதா. எப்பம் பிளைட் ஏத்தலாம்னு நிக்கா."

பக்கத்து வீட்டு ராபியா சொன்னது நிலோபர் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் ராபியாவும் சொன்னாள்.

பொய்யில்லை. நிலோபர் நிறுத்துத்தான் போட்டாள். காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கப் சோறு, ராத்திரி இரண்டு சப்பாத்தி. எதில் எத்தனை கலோரி என்று போனில் பார்த்து, எழுதி, அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தாள். விடிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் கணவன் முகம்மது யூசுப்பை நடக்க விரட்டிவிடுவாள். சாரல் அடித்தாலும் சரி, தென்காசியிலிருந்து குற்றாலம் வரை போய்த் திரும்ப வேண்டும்.

எல்லாம் துபாய் கம்பெனியின் நிபந்தனை. உயரத்தில் தொங்கி வேலை பார்க்கிறவன் தொண்ணூற்றைந்து கிலோவுக்கு மேல் இருந்தால் பாதுகாப்புக் கயிறு தாங்காதாம். லீவில் வந்தபோது யூசுப் நூற்றாறு. நாலு மாதம் டைம். வெள்ளிக்கிழமைதோறும் எடை மெஷினில் நிற்கிற போட்டோ போக வேண்டும்.

மாதத்துக்கு மூன்று கிலோவாக, நிதானமாக இறங்கியது. சட்டை எல்லாம் தொளதொளவென்று ஆனது. ஆனால் தொண்ணூற்றாறுக்கு வந்ததும் நின்றுவிட்டது. மூன்று வாரமாக அதே தொண்ணூற்றாறு.

"ஏட்டி, ஒளிச்சு வச்சு ஊட்டுதியா?" என்றாள் மாமியார் நூருன்னிசா.

"நான் ஏன் மாமி ஊட்டப் போறேன்? ஒங்க மவன்கிட்டயே கேளுங்க."

கேட்டாள்.

"பச்சத் தண்ணியத் தவிர வெளிய ஒண்ணும் தொடல உம்மா."

"ஒங்க வாப்பா முப்பது வருசம் சவுதில கெடந்தாவ. ஒருநாள் மொனங்குனதில்ல. ஒனக்கு வாயக் கட்ட முடியல."



நிலோபரும் விடவில்லை. "குத்தாலத்துல பொரோட்டா திங்கிறியளா மச்சான்?"

"சத்தியமா இல்ல புள்ள."

நாலாவது வெள்ளி வந்தது. இதுதான் கடைசி போட்டோ. இதிலும் இறங்கவில்லை என்றால் அந்த வேலை வேறொருவனுக்கு.

யூசுப் குளித்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சட்டை எடுத்து வைக்கப் போன நிலோபர், கொக்கியில் தொங்கிய பச்சை பெல்ட்டையும் எடுத்தாள். இடுப்புச் சாரத்தின் மேல் அதைக் கட்டாமல் அவன் இருந்ததில்லை. பெல்ட் கனத்தது. அதன் பைகளைத் திறந்தாள். ஒரு கிலோ இரும்பு எடைக்கல் இரண்டு.

நின்றபடியே கணக்குப் போட்டாள். தொண்ணூற்று நாலு.

முதலில் ஆத்திரம்தான் வந்தது. இவன் போக ஆசைப்படுகிறான் என்றுதானே மனசைக் கல்லாக்கிக்கொண்டு சோற்றை நிறுத்தாள்? ஊர் வாயில் எல்லாம் விழுந்தாள்?

அப்புறம்தான் யோசித்தாள். போக வேண்டும் என்று அவன் எப்போது சொன்னான்? அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில். போக மாட்டேன் என்று எந்த ஆம்பளையும் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. கம்பெனியே வேண்டாம் என்றால்தான் உண்டு.

குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, ஐந்து வயது பாஹிமா உள்ளே இருந்த வாப்பாவுக்குப் பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். போன லீவில், 'அந்த மாமா எப்பம் போவாங்க?' என்று கேட்ட பிள்ளை.

"வாப்பா, கேக்குதியளா?"

"கேக்குதேன்மா, சொல்லு."

நிலோபர் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து பெல்ட்டைப் பழையபடி கொக்கியில் மாட்டினாள்.

"மச்சான், மாமி காத்துக்கிட்டு இருக்காவ. வெரசா வாங்க."

யூசுப் அவசரமாக உடுத்திக்கொண்டு வந்து மெஷினில் ஏறினான். நூருன்னிசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

தொண்ணூற்றாறு புள்ளி ஆறு.

"கூடிட்டுல்லா," என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சு. எல்லாம் போச்சு."

அவளைவிட யூசுப்தான் அதிகம் திகைத்துப்போனான். கை தானாக இடுப்புக்குப் போனது.

"ஆடாம நில்லுங்க," என்று நிலோபர் போட்டோ எடுத்தாள். கம்பெனிக்கு அனுப்பினாள். "வேலை போனாப் போவுது. காலைல நடக்கிறத மட்டும் விட்டுராதிய."

யூசுப் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பெல்ட்டைத் திறந்தான். அவன் வைத்த எடைக்கற்கள் இரண்டும் அப்படியே இருந்தன. கூடவே, அடுப்படியில் நிலோபர் இஞ்சி தட்டுகிற கல்லும்.