ரோஜா ஊர்வலம்

மேளத்தின் தோலைத் தட்டிப் பார்த்தான். சவசவவென்றிருந்தது.

நெருப்பில் காட்டினால் ஏறும். அது அவன் கைக்குத் தெரியும். கைக்குத் தெரிந்ததுதான் வினை.

அந்த மொராக்கோ நகரத்தில் திருவிழாவுக்குப் பஞ்சமில்லை. குதிரைக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, சினிமாவுக்கு ஒன்று. இப்போது ரோஜாவுக்கு. எதையும் ஊர்க்காரன் கேட்கவில்லை. எல்லாம் வெயில் காய விமானம் ஏறி வருகிற வெள்ளைக்காரனுக்கு. ஊர்க்காரன் வேஷம் கட்டுவான். வந்தவன் படம் பிடிப்பான், போவான்.

மேடைக்குச் சாரம் கட்டுவது அவன் வேலை. வருஷா வருஷம் கட்டுவான், பிரிப்பான். ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. பார்க்க என்ன கிடக்கிறது?

ஆனாலும் ஊர் பிடித்திருந்தது. இங்கே அவன் சாரக்காரன், அவ்வளவுதான். நீ எந்தத் தெரு என்று கேட்க ஆளில்லை. கூலியாட்கள் தங்குகிற கேம்பில் எல்லோரும் ஒரே தாம்பாளத்தில் கைவிட்டுச் சாப்பிட்டார்கள்.

முந்தாநாள்வரை.

இந்தியாவிலிருந்து வரவேண்டிய ஆட்டக் குழுவுக்கு விசா கிடைக்கவில்லை. விழா ஆபீஸ் கையைப் பிசைந்தது. சூப்பர்வைசர் தெய்வேந்திரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றார், நானாச்சு என்று. அவரும் அவன் ஊர்தான். மேலத்தெரு.

சோற்று வேளையில் வந்து, எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"இந்தா இருக்கான்ல. எங்க ஊர் கீழத்தெருப் பய. எழவு விழுந்தா இவங்கப்பன்தான் எங்க வாசல்ல நின்னு அடிப்பான். என்னடா, மறந்தா போச்சு?"

"கையில எடுத்து வருஷமாச்சு சார்."

"நீச்சல் மறக்குமாடா? அடுத்த மாசம் ஊருக்குப் போறேன்னேல்ல? பாஸ்போர்ட்டு என் மேசையிலதான் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த பேச்சிமுத்து மட்டும் தன் தம்ளரை, அவன் கை படாமல், எடுத்து ஜன்னல்மேல் வைத்தான்.

மறுநாள் அவனுக்குத் தனித் தட்டு.

கொடுத்தது பறை இல்லை. அந்த ஊர் மேளம். வட்டம், ஆட்டுத்தோல். பறைக்குத் தம்பி. அந்த ஊர் மேளக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்திச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் நகர்ந்து இடம் விட்டான். அவனுக்கு எந்தத் தெருவும் தெரியாது.

தோல் ஏறியது. குச்சி இரண்டை அவனே சீவிக்கொண்டான்.

பின்னால் பூ வண்டி. வண்டியில் தெய்வேந்திரன். தலைப்பாகை, ஜிகினா அங்கி, இடுப்பில் அட்டைக் கத்தி. மகாராஜாவாம். ஊரில் வார்டு மெம்பருக்கு நின்று தோற்ற ஆள். கழுத்து நிறைய ரோஜா மாலை. வண்டி குலுங்கினால் விழுந்துவிடுவார் என்று நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"அடிடா! இன்டியா! இன்டியா!"

அடித்தான்.

முதல் அடியிலேயே கூட்டம் துள்ளியது. வெள்ளைக்காரிகள் இடுப்பை ஆட்டினார்கள். ஒருத்தன் தொப்பியைக் கழற்றிச் சுழற்றினான்.

த்தூ. இவ்வளவுதான் இதுகள். எதை அடித்தாலும் ஆடும்.

கேம்ப் ஆட்களுக்கு அன்று லீவு இல்லை. அது என்ன அடி என்று அந்தத் தெருவில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

வாசலில் அடிப்பது வேறு. இது பாடையைத் தூக்கிய பிறகு சுடுகாட்டு வழிக்கு அடிப்பது.

பின்னால் 'இன்டியா' நின்றுபோனது.

அவன் திரும்பவில்லை.

"டேய்."

அடித்தான்.

"டேய், மாத்துடா."

அடித்தான்.

"தம்பி..." குரல் வேறாக இருந்தது. மேலத்தெருவில் பிறந்த வாய் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. "மாத்துப்பா. எல்லாரும் பாக்குறாக."

விழா ஆபீஸ்காரி ஓடிவந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அருமை, நிறுத்தாதே.

பாஸ்போர்ட் ஞாபகம் வந்தது. அது மேசையிலேயே கிடக்கட்டும். அடியை இறுக்கினான்.

தெருமுனை. இரண்டு பக்கமும் கூடை கூடையாய் ரோஜா. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அள்ளி அள்ளி வண்டிமேல் எறிந்தது. கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவி கிட்டே வந்து, ஆசையாய் ஒரு பிடி இதழை மகாராஜா மடியில் போட்டுக் கைகூப்பினாள்.

அப்போதுதான் அவன் திரும்பினான்.

கேமராக்களுக்காகச் சிரித்தபடியே, அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.